'பதிஞ்சாச்சா?' என்ற கேள்வி மட்டும் போதாது!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் வேங்கிக்கால் என்றாலே மாவட்ட மக்களுக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று எதற்காக வந்தாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் பிள்ளையின் மார்க் ஷீட்டும் இருந்துவிட்டால், தெரிந்தவர்கள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சாச்சா?"

தாத்தா காலத்திலும் இதே கேள்விதான். "பதிஞ்சாச்சு" என்ற பதிலும் அதேதான். பதிகிற இடம்தான் மாறிவிட்டது. அன்று அதிகாலையிலேயே பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். இன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மொபைலிலேயே பதிகிறார்கள். இத்தனை வசதி வந்த பிறகும் வேலை மட்டும் ஏன் அதே வேகத்தில் வரவில்லை? கருவியை மாற்றுவது ஒன்று, வேலை பார்க்கும் முறையை மாற்றுவது வேறொன்று. ஆள் சேர்க்கும் தொழிலில் இருக்கும் அரசு அலுவலகங்களும் தனியார் கன்சல்டன்சிகளும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகின்றன. அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பது நம் பிள்ளைகள்.

போர் வீரர்களுக்காகப் பிறந்த ஆபீஸ்

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நம் நாட்டுக்கு வந்தது 1945-ல். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வேலை தேடித் தருவதுதான் அப்போதைய நோக்கம். பிறகு எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959-ல் ஒரு சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. காலியிடத்தைத் தெரிவிப்பதுதான் கட்டாயம். அங்கிருந்து வருபவரையே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை!

இருந்தும், அரசு வேலை என்றால் அந்த அலுவலகத்தின் பதிவு மூப்புதான் என்று பல காலம் நம் வீடுகளில் நம்பினார்கள். அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. இன்று தமிழக அரசுப் பணிகளில் பெரும்பகுதி தேர்வாணையங்கள், தேர்வு வாரியங்கள் வழியாகவே நிரப்பப்படுகிறது. அட்டையின் பலம் குறைந்துவிட்டது. அட்டை மீதான நம்பிக்கைதான் இன்னும் குறையவில்லை.

கம்ப்யூட்டருக்குள் போன வரிசை

2010-களில் தமிழ்நாட்டில் பதிவும் புதுப்பித்தலும் ஆன்லைனுக்கு வந்தன. பிளஸ் டூ மார்க் ஷீட் வாங்கும் பள்ளியிலேயே பதியும் வசதியும் வந்தது. பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம். இது பெரிய நன்மை என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற பழைய விதி அப்படியே கம்ப்யூட்டருக்குள் போனது. மறந்தவர்கள் பதிவு மூப்பை இழந்தார்கள். அவர்களுக்காக அரசு பலமுறை சிறப்புச் சலுகை அறிவிக்க வேண்டி வந்தது. வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, கலைந்து போகவில்லை. மாநிலம் முழுவதும் இன்றும் லட்சக்கணக்கானோர் அதில் நிற்கிறார்கள்.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. அலுவலகத்தின் பெயரே 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று மாறியது. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். 2015-ல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் வந்தது. 2020-ல், கொரோனா காலத்தில், தமிழக அரசு தனியார் வேலைகளுக்கென்றே ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேலை தேடுபவர், வேலை தருபவர் இருவருக்குமே அதில் கட்டணம் இல்லை.

பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பதிவேட்டில் எழுதிப் பழகிய கை, ஒரு பிள்ளையை உட்கார வைத்து "உனக்கு எது வரும்?" என்று கேட்கப் பழக நாளாகும். அந்தப் பழக்கத்துக்குப் பயிற்சியும் நேரமும் தராத எந்த அலுவலகத்திலும் புது சாஃப்ட்வேர் பழைய வேலையைத்தான் வேகமாகச் செய்யும்.

சாஃப்ட்வேரில் இல்லாத கட்டம்

தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ முடித்திருக்கிறாள். நம் மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் காலணித் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள். படிப்பு, வயது, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒப்பிட்டு 'பொருத்தமானவர்' என்று ஒரே நொடியில் சாஃப்ட்வேர் சொல்லிவிடும்.

அந்தப் பெண்ணின் அம்மா கேட்பது வேறு: "நைட் ஷிஃப்ட் உண்டா? பஸ் எங்க வரைக்கும் வரும்? ஹாஸ்டல்ல யார் பார்த்துப்பாங்க?" இதற்கெல்லாம் சாஃப்ட்வேரில் கட்டம் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெண் வேலைக்குப் போக மாட்டாள். போனாலும் இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள். கணக்கில் மட்டும் 'பணி நியமனம் 1' என்று இருக்கும்.

அனுபவமுள்ள கன்சல்டன்சிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நோட்டுப் புத்தகம், அப்புறம் எக்ஸெல், அப்புறம் வாட்ஸ்அப் குரூப் என்று படிப்படியாக வந்தவர்கள் அவர்கள். இப்போது பயோடேட்டாவைத் தானே படித்து வடிகட்டும் மென்பொருள்களும் வந்துவிட்டன. நூறு பயோடேட்டாவைப் படிக்கும் சலிப்பு மிச்சம்தான். மிச்சமான அந்த நேரம் எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். இன்னும் நூறு பயோடேட்டா தேடப் போனால், மாற்றம் எதுவும் இல்லை. பத்துப் பேரிடம் போனில் பேசப் போனால், அதுதான் மாற்றம்.

இயந்திரம் கழித்துவிடும் பெண்கள்

வடிகட்டும் மென்பொருளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்செஞ்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நாடுகளில் ஆய்வு நடத்தி 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. நிபந்தனைகளுக்கு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதாலேயே தகுதியுள்ளவர்களும் கழிக்கப்படுகிறார்கள் என்று நிறுவன நிர்வாகிகளில் 88 சதவிகிதம் பேர் அதில் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் பயோடேட்டாவையே தள்ளிவிடும் வடிகட்டிகள் பரவலாக இருப்பதையும் அந்த அறிக்கை சொன்னது.

பிரசவம், குழந்தை வளர்ப்பு, மாமியாரின் உடல்நலம் என்று இரண்டு மூன்று வருடம் வேலையை விட்ட நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் பெயரை யாரும் பார்க்கவே இல்லை!

அமேசான் நிறுவனம் பயோடேட்டாக்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு கருவியை 2014 முதல் உருவாக்கிப் பார்த்தது. பல ஆண்டுகளாக வந்த பயோடேட்டாக்களை வைத்து அது கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த பயோடேட்டாக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. கடைசியில் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியில் கொண்டுவந்தது.

தலைமையில் இருப்பவர் செய்ய வேண்டியது

நாலு பேர் வேலை பார்க்கும் கன்சல்டன்சியோ மாவட்ட மையமோ, புதிய மென்பொருள் வாங்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்வது நல்லது.

முதலாவது, எதை எண்ணப்போகிறோம்? பதிவுகளை எண்ணினால் ஊழியர்கள் பதிவுகளைத்தான் கொண்டுவருவார்கள். ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்களை எண்ணினால், அவர்கள் பேசும் பேச்சே மாறிவிடும்.

இரண்டாவது, இயந்திரம் கழித்தவர்களை யார் பார்ப்பது? வாரத்துக்கு ஒருமுறையாவது, தள்ளப்பட்ட பயோடேட்டாக்களில் கொஞ்சத்தை ஒரு மனிதர் எடுத்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய ஊழியரின் அறிவு எங்கே போகும்? எந்தக் கம்பெனி சம்பளத்தை ஒழுங்காகத் தரும், எந்த ஊருக்கு எந்த நேரத்தில் பஸ் உண்டு என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கும். அவரை ஓரங்கட்டாமல், புதிய முறையை அவரை வைத்தே வடிவமைக்க வேண்டும். 'என் வேலை போய்விடுமோ' என்று பயப்படுபவர் எந்தக் கருவியையும் மனமுவந்து தொட மாட்டார்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பதிவதை விட்டுவிடாதீர்கள். அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அந்தப் பதிவு வேண்டும். புதுப்பிக்கும் தேதியை மொபைலில் அலாரமாக வையுங்கள். பயோடேட்டாவில் அலங்காரக் கட்டங்கள் வேண்டாம். வேலை விளம்பரத்தில் இருக்கும் திறன் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், அதே சொல்லால் எழுதுங்கள். வேலையில் இடைவெளி இருந்தால் காரணத்தையும், அந்தக் காலத்தில் கற்றதையும் ஒரு வரியில் சேருங்கள்.

வேலைக்கு முன்பணம் கேட்டால் உஷார்! 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலை என்றால், அந்த ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்தமுறை சான்றிதழ் வேலையாக வேங்கிக்கால் பக்கம் போகும்போது, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அடுத்த முகாம் எப்போது, எந்தக் கம்பெனிகள் வருகின்றன, பயிலும் வட்டத்தில் இடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். இனி பிள்ளைகளைப் பார்த்து "பதிஞ்சாச்சா?" என்று மட்டும் கேட்காமல், "யார்கிட்டயாவது பேசினியா?" என்றும் கேட்போம்.