பட்டணத்து ஆயுளும் கிராமத்து ஆயுளும்

கிராம வாழ்க்கையைப் பற்றி நமது மேடைகளில் நிகழும் பிரசங்கங்களைக் கேட்போருக்கு, நம் பாட்டனார் காலத்தில் யாவரும் நூறு பிராயம் ஜீவித்தார்களென்றே தோன்றும். நல்ல காற்று, கலப்பற்ற ஆகாரம், கவலையற்ற மனம் என்று அடுக்குகிறார்கள். இவ்வாறு பேசுவோரில் பெரும்பாலார் பட்டணத்திலேயே குடியிருப்பவர்கள் என்பதை நாம் கவனியாமலிருக்கக் கூடவில்லை.

கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. 1970-75ஆம் வருஷங்களில் இந்தியாவில் பிறந்த சிசுவுக்கு எதிர்பார்க்கத்தக்க ஆயுள் பட்டணங்களில் ஏறக்குறைய 59 வருஷம், கிராமங்களில் 48. தேசம் ஒன்று, சர்க்கார் ஒன்று. கிராமத்தில் பிறந்த குற்றத்திற்குப் பதினொரு வருஷம் அபராதம்! 2016-20ஆம் வருஷக் கணக்கில் இவ்வித்தியாசம் ஐந்து வருஷத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமவாசியின் ஆயுளும் 68ஐத் தாண்டிவிட்டது. தகப்பனார் தலைமுறைக்கும் பேரன் தலைமுறைக்கும் இடையில் நேர்ந்த இம்மாறுதலுக்குக் காற்றா காரணம்? கிராமத்துக் காற்று அன்றும் இருந்தது. பெரியம்மை 1975ல் நம் தேசத்தை விட்டொழிந்தது. படிக்கிணற்றிலும் குளத்திலும் இறங்கி மொண்ட நீரால் பரவிய நரம்புச் சிலந்தி நோய் நீங்கிவிட்டதென்று 2000ல் சான்று கிடைத்தது. ஊசியும், குழாயும், பாதையும், பள்ளிக்கூடமும் செய்த வேலை இது.

பட்டணமென்றால் ஆரோக்கியம் என்றும் எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தில் சாட்விக் என்பார் 1842ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் மரணமடைந்தோரின் சராசரி வயது 17. ரட்லண்டு என்னும் நாட்டுப்புற ஜில்லாவிலோ அவ்வகுப்பாருக்கே 38. குழந்தைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததே இதற்குக் காரணம். அன்று யமனுக்குப் பிரியமான இடம் நகரம். சாக்கடை கட்டி, நல்ல தண்ணீர் கொடுத்த பிறகே அந்நிலை மாறிற்று. நம் பட்டணங்களிலும் மாடிவீட்டாரையும் கால்வாய்க்கரைக் குடிசைவாசிகளையும் ஒரே சராசரியில் சேர்த்து எழுதுவதால், குடிசையின் துயரம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. இதைத் தனியே எழுத வேண்டும்.

ஆகவே ஒருவன் எத்தனை காலம் வாழ்வானென்பதை நிர்ணயிப்பது ஊரின் அழகன்று. ஊருக்குச் செய்யப்படும் ஏற்பாடே. அந்த ஏற்பாடு இன்னும் சமமாகவில்லை. 2020ஆம் வருஷத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவை பட்டணங்களில் 19, கிராமங்களில் 31. மீதிப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

சட்டத்தில் வழியில்லையென்று சொல்வதற்கில்லை. 1992ஆம் வருஷத்து 73ஆவது திருத்தத்தின்மூலம் அரசியல் சட்டத்தில் ஏற்பட்ட பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துக்களிடம் ஒப்புவிக்கத்தக்க 29 விஷயங்களுள் குடிநீரும், சுகாதாரமும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் அடங்கியிருக்கின்றன. எந்த அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பதென்பது மாகாணச் சட்டசபைகளின் கையில் விடப்பட்டிருக்கிறது, இடறல் அங்கேதான். கிராமத்தின் பெருமையைப் பேசும் நம் அன்பர்கள் அக்டோபர் 2ந் தேதி கிராம சபைக்குப் போகட்டும். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இரவில் வைத்தியர் இருக்கிறாரா, அதற்குரிய பணமும் அதிகாரமும் யாரிடம் நிற்கின்றன என்று கேட்டு, கிடைத்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யட்டும்.