குடிவாரமும் குடிப்பெயர்ப்பும்

‘குடி’ என்னும் சொல் மனை, குடும்பம், குலம், ஊர், ஆளப்படும் மக்கள் ஆகிய பொருள்களைத் தமிழில் ஒருங்கே தாங்கி நிற்பது. நிலவருவாய் ஆட்சியில் இச்சொல் உழவனுக்குரிய பங்கினையும் குறிப்பதாயிற்று. அரசுக்கோ அரசின் இடத்தில் நின்ற ஜமீன்தாருக்கோ செல்வது மேல்வாரம். உழவனிடத்து நிற்பது குடிவாரம். இப்பிந்திய சொல் குறித்த உரிமை சட்டத்தில் ஏறியமையால் விளைந்த பயனை, இன்று தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ள குருவிகுளம் ஜமீன் பகுதியை முன்வைத்து ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அப்பயனை அளந்தறிய, அத்தகைய உரிமை சட்டத்தில் ஏறாதிருந்த நாடொன்றைக் காண்டல் வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் தாம் வழிவழி வாழ்ந்த நிலத்தின்மேல் தமக்குள்ள உரிமையைத் ‘தூகஸ்’ என்றனர். அஃது அவர்தம் கெய்லிக் மொழியில் வாழ்ந்ததேயன்றி நீதிமன்றத்தில் வாழவில்லை. சட்டத்தின் கண்ணில் நிலம் முழுவதும் நிலக்கிழாருடையது. மக்கள் தரும் குத்தகையினும் செம்மறியாடு மிகுதியான வருவாய் தரும் என்ற கணக்குப் பிறந்ததும் குடிகள் பெயர்க்கப்பட்டனர். சதர்லாந்து சீமாட்டியின் பண்ணையில் ஜேம்ஸ் லாக் என்பார் மேலாண்மை செய்தார். காரியஸ்தர் பாட்ரிக் செல்லர் 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் குடிகளை வெளியேற்றினார். அந்நிலத்தை ஆட்டுப்பண்ணையாகக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. தீயிட்டமையும் உயிரிழப்பும் பற்றிய வழக்கில் 1816-இல் அவர் விடுவிக்கப்பட்டார். பிற்காலத்தே இம்மலைநாட்டுக் குடிகளின் குறைகளை ஆராய 1883-இல் அமைந்த ஆணையத்தின் தலைவர் நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் என்பது நம்மவர்க்குச் சுவை தரும் செய்தி. ஊரையே சட்டம் ஏற்கும் ஓர் அமைப்பாக்கலாம் என அவ்வாணையம் கூறியதை அரசு ஏற்கவில்லை. எனினும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுகுடிகளுக்கு நிலைபேற்றுரிமையை அளித்தது.

இனி நம் கரிசற்பூமிக்கு வருவோம். 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்வழி, 1803-இல் திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர்கள் நிலையான பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன்தார்களாயினர். கம்மவார் மரபினரின் குருவிகுளம் ஜமீனும் இவ்வாட்சிமுறையின்கீழ் நடந்ததே. மழையை நம்பிய கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைய ஏரும் ஆளும் வேண்டும். குடி நீங்கினால் நிலம் கரம்பாகும், மேல்வாரமும் போகும். ஆகவே கவுல் கொடுத்துக் குடிகளை அழைப்பதே இத்தகைய ஜமீன்களின் நலனாக இருந்தது. இதனை அருளென்று கொள்ளற்க. கணக்கு வேறாயிற்று, அவ்வளவே. ஆட்டினால் வருவாய் மிகும் நிலமாயின் நம் ஜமீன் கச்சேரிகள் என் செய்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

கணக்கினை நம்பி உரிமை நிலைபெறாது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரும் குடியும் பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ள விதித்தது. அவ்வாறு ஆண்டுதோறும் மாற்றிக்கொள்பவன் ஓராண்டுக் குத்தகையாளனே என வாதிடவும் இடமுண்டாயிற்று. ஜமீன் குடி அத்தகையவன் அல்லன் என்று 1897-இல் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட்டு நிலச் சட்டம் குடிவார நிலத்தை உழுபவனுக்கு நிலையான அனுபோக உரிமையை நல்கி, அதனை வழிவழி வருவதாகவும் கைமாற்றத்தக்கதாகவும் ஆக்கிற்று. வாரம் நிலுவையானால் ஜப்தியும் ஏலமும் வரலாம். கச்சேரியின் விருப்பம் ஒன்றே கருதிக் குடியைப் பெயர்த்தல் இயலாதாயிற்று.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. ‘கம்பத்தம்’, ‘பண்ணை’ எனப் பெயர் பெற்ற நிலங்கள் ஜமீன்தாரின் சொந்த நிலங்களாதலின் அவ்வுரிமை அவற்றிற் செல்லாது. அதனால் ஒரு புலம் பண்ணையா குடிவாரமா என்னும் பெயர்ச்சிக்கலே வழக்காயிற்று. கணக்கேட்டில் எழுதப்பட்ட ஒரு சொல் ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தீர்மானித்தது. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை ரயத்துவாரியாக மாற்றிக் குடிகளுக்குப் பட்டா வழங்கியபோதும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. சொந்தப் பண்ணைக்கு ஜமீன்தாரும் பட்டாப் பெறலாம். பிறர் ஏரின்பின் கூலிக்கு நடந்த பண்ணையாளுக்கோ இவ்விரு சட்டங்களும் நிலத்தில் ஒரு பங்கும் வகுக்கவில்லை. ‘குடி’ என்னும் சொல் ஊர்வழக்கில் அவனையும் தழுவியதாயினும், ‘குடிவாரம்’ அவனைத் தழுவியதன்று.