ஏரியைக் காப்பவருக்கு ஏரியில் பங்கு உண்டா?

நெல்லிக்குப்பம்: நெய்வேலிக் காட்டாமணக்கைப் பார்க்காத மாணவர் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார். வாய்க்கால் ஓரத்திலும் ஏரியின் உள்வாயிலும் வெளிர் ஊதாப் பூவோடு புதர் புதராக நிற்கும் செடி அது. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழில் நம் வட்டாரத்தின் பெயரை ஒட்டிக்கொண்டது. வெட்டிப் போட்ட தண்டு ஈரம் பட்டால் மறுபடி வேர் பிடிக்கும். ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துத் தள்ளாடும். வந்த இடத்தில் கோரையையும் புல்லையும் வளரவிடாது.

இந்தச் செடி ஏரிகளை எப்படிப் பிடித்தது? ஏரிக்குள் இறங்கிய மனிதர்கள் குறைந்தபோது பிடித்தது.

ஏரி தானாக வாழ்கிற ஒன்று கிடையாது. கோடையில் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தார்கள். ஏரி ஆழமானது, வயல் உரமானது. பாய் நெய்யக் கோரை அறுத்தார்கள். நீர்ப்பரப்பு திறந்து கிடந்தது. ஆடு மாடு உள்வாயில் மேய்ந்தன. கரையில் பனை நின்றதால் மண் சரியவில்லை; ஓலையும் நுங்கும் கிடைத்தன. நீர் வற்றும்போது மீன் பிடித்தார்கள். கருவேல மரத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டின. மனிதர் எடுத்துக்கொண்டது ஏரியைப் பாதுகாத்தது. ஏரி கொடுத்தது மனிதரைக் காப்பாற்றியது.

உலகம் இப்போது இதற்கு மரியாதை தருகிறது. ஜப்பானில் மலையடிவாரக் காடும் வயலும் குளமும் ஊரும் சேர்ந்த நிலத்தை 'சத்தோயாமா' என்கிறார்கள். 2010இல் அந்நாட்டின் நகோயா நகரில் நடந்த பல்லுயிர் மாநாட்டின்போது, இத்தகைய நிலங்களைக் காக்க ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. ஒடிசாவின் கோராபுட்டில் பழங்குடி மக்கள் காத்துவரும் நெல் வகைகளையும் வேளாண் முறையையும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் அமைப்பாக அங்கீகரித்திருக்கிறது. நம் பக்கத்து வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர் மக்கள் கலெக்டர் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் இந்தப் பெருமையை எழுதுகிறவர்கள் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஏரியைக் காத்த 'ஊர்' என்பதில் சேரி இருந்ததா?

உழைப்பில் இருந்தது. மழை இரவில் கரை உடையாமல் சுற்றிப் பார்த்தவர், மதகைத் திறந்து மூடியவர், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று கணக்கு வைத்தவர் நீர்க்கட்டி. தமிழகத்தின் பல ஊர்களில் இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்தவர்கள் தலித்துகள். கலங்கல் எந்த மழைக்கு வழியும், வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அறுவடையில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்தான் கூலி. தண்ணீரைப் பங்கிட்டவருக்கு, அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருந்ததுதான் பொதுவான நிலை.

'குடிமராமத்து' என்ற சொல்லும் அப்படித்தான். ஊர் கூடிச் செய்த பணி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. நிலம் உள்ளவர் தன் பண்ணையாளை அனுப்பினால், மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்பது ஏட்டில் ஏறாது.

இன்றைய சட்டங்களைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, பாசனச் சங்கத்தில் வாக்குரிமை ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கே. 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, மதிப்பீட்டில் 10 சதவீதப் பங்களிப்போடு பாசனதாரர்கள் வழியாகவே வேலைகள் நடந்தன. நிலமற்ற தலித்துக்கு ஏரியில் மாடு மேய்க்க வேண்டும், மீன் வேண்டும், கோரை வேண்டும், குடிநீர்க் கிணற்றில் ஊற்று வேண்டும். எதை ஆழப்படுத்துவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவருக்கு நாற்காலி இல்லை. மீன்பாசிக் குத்தகையும் மர ஏலமும் பணமும் செல்வாக்கும் உள்ளவர் கைக்கே எளிதில் போகின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நெல்லிக்குப்பம் வட்டாரம் கரும்புக்குப் பேர் போனது. ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கரும்பு வைத்தவருக்கு ஏரி முன்புபோல அவசியமில்லை. ஏரி இல்லாமல் முடியாதவர்கள் ஆழ்குழாய் போட வசதியில்லாத சிறு விவசாயியும், ஆடு மாடு வைத்திருக்கும் நிலமற்றவரும்தான். அக்கறை அதிகம் உள்ளவருக்கு அதிகாரம் குறைவு. இந்த இடைவெளியில்தான் காட்டாமணக்கு வளர்கிறது.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது கரையில் குடிசை போட்டவரே முதலில் கண்ணில் படுகிறார். ஏரிகளைக் காக்க 2007இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அது தேவையான சட்டம். ஆனால் ஊருக்குள் மனை கிடைக்காததால்தான் பல தலித் குடும்பங்கள் புறம்போக்குக்கு வந்தன. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் பொது நிலங்களை மீட்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும், நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி கொடுத்த இடங்களை விதிவிலக்காகக் கருதலாம் என்றது. மாற்று மனை தராமல் இடிப்பதை ஏரிப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நீர் தேங்கும் பள்ளத்தில் மறுபடி மனை கொடுப்பதும் தீர்வாகாது. 2015 நவம்பர் வெள்ளம் தாழ்ந்த இடத்துக் குடியிருப்புகளை என்ன செய்தது என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

நிலம் கொடுக்கப்படாமலும் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தலித்துகளுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிற சாதியினர் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அந்த நிலம் கையில் இருந்திருந்தால், பாசனச் சங்கத்தில் சேரியின் குரலும் இருந்திருக்கும்.

பங்கு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகள் கூறு போட்டு மரம் வெட்டியதால் சதுப்புநிலக் காடு அழிந்தது. வெட்டிய தரை சற்றே தாழ்ந்து, உப்பு நீர் தேங்கி, கன்று பிடிக்காமல் போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, அலைநீர் வந்து போக வழி செய்தன. கால்வாயும் நடவும் அப்பகுதி மக்களைச் சேர்த்துக்கொண்டே நடந்தன. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதில் இருந்தார்கள். காடு திரும்பியது. 2004 சுனாமியில் அந்தக் காடு தன் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றது.

நெய்வேலிச் சுரங்கம் விரியும்போதும் இதே கேள்விதான். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. அது போதுமா என்று போராட்டம் நடக்கிறது. அந்த வயலில் நாற்று நட்டவருக்கு? 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. இந்த ஒரு வரி தெரியாததால் பெயர் விடுபடும் குடும்பங்கள் இருக்கக் கூடாது.

மாணவர்களுக்கு மூன்று வேலைகள். முதலில், உங்கள் ஊர் ஏரியைப் பற்றி நீர்க்கட்டிக் குடும்பத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். மதகின் பெயர், வரத்துக்காலின் வழி, மீன், கோரை, பறவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும், குறைந்தது 18 சதவீதம் பட்டியலின, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. உங்கள் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கிராம சபையில் கேளுங்கள். நீங்கள் எழுதியதை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பழைய நிலப் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய் போதும்.

அடுத்த கோடையில் பொக்லைன் வந்து காட்டாமணக்கைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். அறுத்துப் போட்ட தண்டு அங்கேயே கிடந்தால் முதல் மழையில் துளிர்க்கும். அன்றாடம் ஏரிக்குள் இறங்குகிறவர் இருந்தால்தான் அது திரும்ப வராது. அவர் இறங்க வேண்டுமானால், மீனிலும் புல்லிலும் முடிவிலும் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும்.