டயரை பெருசாக்கினா கார் உசருமா? அயனம்பாக்கம் டிரைவர்களே... 8 மில்லி மீட்டர் கணக்கை பாருங்க!

அயனம்பாக்கம்:
மழை சீசன் வந்துவிட்டால் அயனம்பாக்கம், வானகரம், அத்திப்பட்டு பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரே தலைவலி, வண்டியின் அடிவயிறு தட்டுவதுதான். பள்ளத்தில் இறங்கினால் 'டங்'. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் 'சர்ர்'. சைலன்சர் முதல் ஆயில் சம்ப் வரை அடி வாங்குது. இதற்கு டயர் கடைகளில் ரெடியாக ஒரு வைத்தியம் இருக்கிறது. ரிம்மை மாத்த வேண்டாம், டயரை மட்டும் ஒரு சைஸ் ஏத்திப் போட்டுக்கலாம் என்பதுதான் அது.

நாலு டயர் மாத்துவது என்றால் கால் டாக்சி ஓட்டுபவருக்கு பல நாள் சம்பாத்தியம். அவ்வளவு காசு போட்டால் கார் நிஜமாவே எவ்வளவு உசருது? கணக்கு போட்டு பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

சென்னையில் கால் டாக்சியாக ஓடும் டிசையர் காரையே எடுத்துக் கொள்வோம். அதன் டயரில் 165/80 ஆர் 14 என்று இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பதை பலர் உயரம் என்று நினைக்கிறார்கள். அது சதவீதம். அதாவது டயரின் சைடு உயரம், அகலத்தில் 80 சதவீதம். 165-ல் 80 சதவீதம் 132 மில்லி மீட்டர். கடைசியில் இருக்கும் 14, ரிம்மின் அளவு இஞ்ச் கணக்கில். மில்லி மீட்டரில் 355.6. ரிம்முக்கு மேலே 132, கீழே 132, நடுவில் 355.6. மொத்தம் 619.6 மில்லி மீட்டர். இதுதான் சக்கரத்தின் முழு உயரம்.

இப்போ ஒரு சைஸ் ஏத்தி 175/80 போட்டால் 635.6 ஆகும். 16 மில்லி மீட்டர் கூடுது. அப்பாடா, கார் 16 மில்லி மீட்டர் ஏறிடும் என்று சந்தோஷப்படக் கூடாது. கூடிய உயரத்தில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். மீதி பாதிதான் காரை தூக்கும். ஆக, காரின் உசரம் கூடுவது வெறும் 8 மில்லி மீட்டர். ஒரு பென்சில் தடிமன்!

ஆல்ட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 80 வரிசை டயரில் அகலத்தை 10 கூட்டினால், எந்த காராக இருந்தாலும் 8 மில்லி மீட்டருக்கு மேல் ஒரு பைசா கூட கிடைக்காது.

'ஆனா மாத்தினதும் வண்டி நல்லா தூக்கிடுச்சே' என்று சத்தியம் பண்ணுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் இல்லை. விஷயம் வேறு. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லி மீட்டர் இருக்கும். சட்டப்படி கார் டயர் 1.6 மில்லி மீட்டர் வரை தேயலாம். அதாவது டயர் தேய்ந்தே கார் 6 மில்லி மீட்டருக்கு மேல் இறங்கிப் போயிருக்கும். மொட்டை டயரை கழற்றிவிட்டு பழைய சைஸிலேயே புதுசு போட்டிருந்தாலும் அந்த உசரம் திரும்பி வந்திருக்கும்.

2017-ல் வந்த டிசையர் காருக்கு தரையில் இருந்து அடிப்பாகம் வரை 163 மில்லி மீட்டர் இடைவெளி. இது காலி காருக்கான கணக்கு. பின்னால் 3 பேர், டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர், அது மேலே பெட்டி படுக்கை என்று ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தானாகவே இறங்கும். ரெண்டு லட்சம் கிலோ மீட்டர் ஓடின வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடி தட்டுது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும்தான். ஸ்பீடு பிரேக்கருக்கு இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டி மீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம தெருக்களில் குட்டிச்சுவர் மாதிரி கட்டி வைத்திருப்பதற்கு எந்த டயரும் பதில் சொல்ல முடியாது.

மீட்டர் காட்டும் பொய்

சரி, 8 போதாது என்று இன்னும் ஏத்தி 185/80 போட்டால் என்ன? சக்கர உயரம் 651.6 ஆகும். ஒரிஜினலை விட 5 சதவீதம் அதிகம். கார் தூக்குவது 16 மில்லி மீட்டர். ஆனால் இங்கேதான் வம்பு ஆரம்பம். சக்கரம் ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 60 என்றால் வண்டி நிஜத்தில் 63-ல் ஓடும். வேகத்தை விடுங்க, வாடகையை பாருங்க. கிலோ மீட்டர் கணக்கில் திருப்பதி டிரிப் 280 கிலோ மீட்டர் ஓடினால், மீட்டர் 266 தான் காட்டும். 14 கிலோ மீட்டர் டிரைவருக்கு நாமம்! 'டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு' என்ற புகாரில் ஒரு பங்கு இந்த மீட்டர் பொய்தான். மீதி நிஜம். கனமான டயரை சுழற்ற என்ஜின் கூடுதலாக உழைக்கணும். ஏ.சி. போட்டு, 5 பேரோடு மேம்பாலம் ஏறும்போது பிக்-அப் குறைவது நல்லாவே தெரியும்.

அதனால்தான் மொத்த உயரம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்று டயர் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 175/80 இதற்குள் அடங்கும். 185/80 அடங்காது.

இதில் ஒரு வேடிக்கை, 185/70. நம்பர் பெருசு. ஆனால் கூட்டிப் பார்த்தால் 614.6 தான். கார் உசராது, 2.5 மில்லி மீட்டர் இறங்கும். உசரத்துக்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான். கிரிப்புக்காக என்றால் நல்ல தேர்வு. 2005-ல் ஸ்விப்ட் வந்தபோது சாதா மாடலுக்கு 165/80, டாப் மாடலுக்கு 185/70 என்று கம்பெனியே கொடுத்தது. ரெண்டும் 14 இஞ்ச். சைஸ் ஏத்த நினைப்பவர்களுக்கு இதை விட பத்திரமான வழி கிடையாது. அதே காரின் டாப் மாடலுக்கு, அதே இஞ்ச் ரிம்மில் கம்பெனி என்ன டயர் கொடுத்தது என்று விசாரித்து அதை போடுவதுதான்.

ரிம்மின் அகலமும் முக்கியம். ரிம்மிலேயே 5 ஜே என்பது போல பொறித்திருக்கும். 5 இஞ்ச் ரிம்மில் 185/70 உட்காரும். அதே ரிம்மில் 205 டயரை திணித்தால் டயர் பலூன் மாதிரி பிதுங்கி, வளைவில் ஆடும். 165-ல் இருந்து 185-க்கு போனால் ரெண்டு பக்கமும் 10 மில்லி மீட்டர் துருத்தும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, ஆள் ஏற்றி பார்த்து, எங்கேயும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே பில் போட சொல்லணும்.

அகல டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. தேங்கிய தண்ணீரில் வேகமாக போனால் அது சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. மழையில் மதுரவாயல் பைபாசில் பறப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

டயரில் சைஸுக்கு அடுத்து 85 டி என்பது போல இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. புது டயரில் இந்த நம்பர் பழசை விட குறையவே கூடாது.

எப்.சி.யில் சிக்கல் வருமா?

கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தில், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் என்று இருக்கிறது. கம்பெனி அந்த மாடலுக்கு கொடுத்த அளவுக்குள் இருந்தால் பேச்சுக்கு இடம் குறைவு. பாடியை தாண்டி துருத்தும் டயரோடு மஞ்சள் போர்டு வண்டி அம்பத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்.சி.க்கு போனால் கேள்வி வரும். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் இழுத்தடிக்க ஒரு காரணம் ஆகிவிடும்.

காசு மிச்சம் பிடிக்க முன்னால் ரெண்டு பெருசு, பின்னால் ரெண்டு பழசு என்று போடுவதும் தப்பு. ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் சக்கர வேகம் வித்தியாசப்பட்டு குழப்பம் வரும். ஸ்டெப்னியும் அதே உயரத்தில் இருக்கணும்.

1959-ல் டன்லப் கம்பெனி டயர் ஆலை திறந்த ஊர் அம்பத்தூர். ஆலை இப்போது இல்லை, டன்லப் பெயர் மட்டும் அந்த வட்டாரத்தில் வாயில் நிற்கிறது. இந்தப் பகுதியில் டயரை தட்டிப் பார்த்தே தரம் சொல்லும் பெரியவர்களுக்கு பஞ்சம் இல்லை. ஆனால் வயசை தட்டிப் பார்த்து சொல்ல முடியாது. புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டில் பெரிய சைஸ் மலிவாக கிடைக்குது என்று கிளம்புபவர்கள் டயர் ஓரத்தில் இருக்கும் 4 இலக்க நம்பரை பார்க்கணும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. பட்டன் முழுசா இருந்தாலும் ரப்பர் காய்ந்து ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.