செட் பண்ணவா, பழசு போடவா, புதுசு மாத்தவா?

குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூர், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சுற்றிலும் கல்குவாரிகள், தைலமரத் தோப்புகள், செம்மண் பாதைகள். புது வண்டி வாங்க வசதியில்லாத பலருக்கு இந்தப் பாதைகளில் சோறு போடுவது பழைய பிக்கப்தான். 1986-ல் சந்தைக்கு வந்த டாடா 407-ம் அதற்கும் முந்திய மகிந்திரா ஜீப் வகை வண்டிகளும் இன்னும் ஓடுகின்றன. இவற்றில் அடிக்கடி அடிவாங்கும் உறுப்பு, முன் அச்சைத் தாங்கும் பிளேட் ஸ்பிரிங்.

பிளேட் உடைந்து பட்டறைக்குப் போனால் வண்டிக்காரர் முன் மூன்று வழிகள் வைக்கப்படும்: இருப்பதையே செட் பண்ணலாம், காயலான் கடைப் பழசைப் போடலாம், புதுசு மாற்றலாம். பெரும்பாலும் விலையைக் கேட்டதும் முடிவு வந்துவிடுகிறது. ஆனால் மூன்றுக்கும் ஆபத்து வேறு, நாளை ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கணக்கும் வேறு.

முன்னால் உடைந்தால் என்ன ஆகும்?

பிளேட் ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. இந்த வகை வண்டிகளில் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே, இரு முனையிலும் வளையத்தோடு இருக்கும் மெயின் பிளேட் அறுந்தால், அந்தப் பக்கத்து அச்சு பின்னுக்குத் தள்ளப்படலாம். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் மட்கார்டில் உரசும், பிரேக் குழாய் இழுபட்டுக் கிழியவும் கூடும். பின்பக்கம் ஒரு பிளேட் போனால் வண்டி சாயும்; முன்பக்கம் மெயின் பிளேட் போனால் திசையே கைவிட்டுப் போகும்.

உடைவதற்கு முன் அறிகுறிகள் தென்படும். சமதரையில், சரக்கு இல்லாமல் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். பிளேட்டுகளுக்கு இடையில் கசியும் சிவப்புத் துருப்பொடி, பிளேட் அடுக்கை அச்சோடு இறுக்கும் யு-போல்ட்டின் நட்டைச் சுற்றிப் புதிதாகத் தேய்ந்த தடம், ஒருபுறம் மட்டும் தேயும் டயர், தளர்ந்து ஆடும் புஷ் ஆகியவையும் எச்சரிக்கைகளே. யு-போல்ட் தளர்ந்து ஓடினால் அச்சின் விசை முழுவதும் பிளேட்டுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் மேல் விழுகிறது. அது வெட்டுப்பட்டால் பிளேட் முழுதாக இருக்கும்போதே அச்சு நகர்ந்துவிடும்.

மூன்று வழிகள்

முதல் வழி, செட் பண்ணுவது. படுத்துப்போன பிளேட்டைச் சுத்தியலாலோ பிரஸ்ஸிலோ அடித்து மறுபடி வளைப்பார்கள். உயரம் திரும்ப வரும். ஆனால் பல வருட ஓட்டத்தில் எஃகுக்குள் சேர்ந்த களைப்பு போகாது என்பதால் அது சீக்கிரமே மீண்டும் படுத்துவிடும். கேஸ் நெருப்பில் பழுக்கவைத்து வளைப்பது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகை ஆலையில் எண்ணெயில் குளிரவைத்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அதற்கு அந்தத் துள்ளலைக் கொடுக்கிறார்கள். சிவக்கும் அளவுக்குச் சூடேற்றினால் அந்தப் பதம் போய்விடும். தானாக ஆறவிட்டால் எஃகு மெத்துப்போகும், தண்ணீரில் முக்கினால் நொறுங்கும் தன்மை வரும். அறுந்த பிளேட்டை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் அப்படியே: ஒட்டிய இடத்தை ஒட்டி எஃகு நொறுங்கும்படியாகி, அடுத்த குழியில் அங்கேயே பிளந்துகொள்ளும். வெல்டிங் வைத்த மெயின் பிளேட்டை முன் அச்சில் ஏற்றவே கூடாது.

இரண்டாவது, பழைய பிளேட். அது எத்தனை வருடம், எவ்வளவு பாரத்தில் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நீளம், அகலம், தடிமன், பிளேட் எண்ணிக்கை நான்கையும் கழற்றியதோடு ஒப்பிட வேண்டும். பட்டறைகளில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: பிளேட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கண்ணுக்குத் தெரியாத எல்லா விரிசலும் இதில் அகப்படும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, புதுசு. வாகன பிளேட் ஸ்பிரிங்குகளுக்கென ஐ.எஸ். 1135 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் பொறித்த பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் புதுசு உயர்ந்தும் பழசு தாழ்ந்தும் நிற்கும் என்பதால் ஜோடியாக மாற்றுவதே முறை. யு-போல்ட், சென்டர் போல்ட், புஷ் மூன்றும் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை முறுக்கி நீண்ட யு-போல்ட் பழைய பிடியைத் தராது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்வார்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது முறுக்கைத்தான்.

'ஒரு பிளேட் கூடப் போட்டுடுங்க'

குவாரி லோடு அடிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. பிளேட் கூடினாலும் பிரேக், அச்சு, டயர், சேசிஸ் எதற்கும் பலம் கூடுவதில்லை. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையும் மாறுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. உடைந்ததற்குப் பதில் அதே அளவில் புதுசு போடுவது பழுதுபார்ப்பு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு விஷயம்.

50 வயதைத் தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 2021 ஜூலையில் வந்த விதிகள் அத்தகைய வண்டிகளை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்ய இடம் தருகின்றன. எண்பலகையில் வி.ஏ. எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பிளேட்டைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்தச் சேசிஸை வெட்டினால் அந்தத் தகுதிக்கே ஆபத்து. அப்படிப் பதிவான வண்டியில் லோடும் அடிக்க முடியாது.

விபத்து நடந்தால்

பழுதுள்ள வண்டியை ஓட்டுவதும் ஓட்டவிடுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றம். பழுது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடியதாக இருந்தாலே போதும். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தப் பழுதால் யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

'திடீரென்று பிளேட் உடைந்தது, நாங்கள் என்ன செய்வோம்' என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் தானாக எடுபடாது. மினு மேத்தா வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: இயந்திரக் கோளாறே காரணம் என்றால், அது மறைந்திருந்த கோளாறு, நியாயமான கவனத்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளருக்கே. அந்த நேரத்தில் கைகொடுப்பது பட்டறை பில்தான். தேய்மானமும் இயந்திரப் பழுதும் வாகன இன்ஷூரன்ஸில் விலக்கப்பட்டவை என்பதால் உடைந்த பிளேட்டுக்குக் காப்பீட்டுப் பணமும் வராது.

லோடு வண்டிக்காரர் நுகர்வோரா?

வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையம் வழக்கை ஏற்காது என்று பலர் நினைக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகக் காட்டியது: பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்தாது. அவர் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள வேலையால் ஆளுக்கோ உடைமைக்கோ பாதிப்பு நேர்ந்தால், வேலை செய்த பட்டறை 85-வது பிரிவில் பொறுப்பாகும்; தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் மறைத்தாலும் பொறுப்புதான். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பெயரில்லாப் பிளேட்டை விற்றிருந்தால், 86-வது பிரிவு விற்ற கடைக்காரரையே நிறுத்துகிறது.

பட்டறைக்காரருக்கும் உரிமை உண்டு. செய்த வேலைக்குக் கூலி தரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அவருக்கு இடம் தருகிறது. அது இந்த வேலையின் கூலிக்கு மட்டும்; போன வருடப் பாக்கிக்காக இன்றைக்கு வண்டியை மறிக்க இந்தப் பிரிவு உதவாது. கூலியைப் போலவே பட்டறையில் பாதுகாப்பும் முக்கியம்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும், அழுத்திய சுருள் ஸ்பிரிங்கைச் சரியான கருவி இல்லாமல் கழற்றுவதும் தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்வது பட்டறைப் பையன்களுக்கு நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

வேலை தொடங்கும் முன், செட்டா பழசா புதுசா என்பதைப் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். கடையின் பெயர், முகவரி, தேதி, பொருளின் விவரம், தொகை அதில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாற்றியது மறுபடி உடைந்தால் அந்தத் துண்டுகளைத் துடைக்காமல், தேய்க்காமல், பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பது முக்கியம். உடைந்த முகத்தில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்தும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே இருந்ததற்கு அது வலுவான சான்று. ஆணையம் தேவைப்பட்டால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார், படங்களோடு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். பட்டறை திருச்சியில் இருந்தாலும் வண்டிக்காரர் கீரனூரில் வசித்தால் புதுக்கோட்டையிலேயே வழக்குப் போட முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இலவச சட்ட உதவிக்கு 15100. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த பிறகு மூன்று மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.