கேட்டாங்க, ஆனா கேட்கல

"உங்க ரூமுக்கு நடுவுல சுவர் எழுப்பப் போறோம், என்ன சொல்றீங்க?"ன்னு ஹாஸ்டல் வார்டன் கேட்கிறார். "வேண்டாம் சார்" என்கிறீர்கள். மறுநாள் சுவர் நிற்கிறது. கேட்டாரா? கேட்டார்தான்!

நம் அரசியலமைப்பின் 3-வது பிரிவும் இப்படித்தான். ஒரு மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை அந்தச் சட்டமன்றத்தின் ‘கருத்து’க்கு அனுப்பினால் போதும். ‘சம்மதம்’ என்ற சொல் அதில் இல்லை.

1956-ல் பம்பாயை மூன்றாக்கும் மசோதாவுக்குத்தான் கருத்து கேட்டார்கள். நாடாளுமன்றம் கடைசியில் உருவாக்கியதோ மராத்தியும் குஜராத்தியும் கலந்த ஒரே மாநிலம். மறுபடி கேட்க வேண்டாமா என்று பாபுலால் பராடே வழக்குப் போட்டார். தேவையில்லை, அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் தெருவில் போராட்டம் ஓயவில்லை. 1960 மே 1-ல் மகாராஷ்டிரா, குஜராத் என்று பிரிந்தே போனது.

2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிவிட்டது. அநியாயம்னு தோணுதா? சீமாந்திராவிலும் அப்படித்தான் கொதித்தார்கள். ஆனா ஒண்ணு: அந்தச் சபையின் 294 இடங்களில் தெலங்கானாவுக்கு வெறும் 119. ‘சம்மதம்’ என்று எழுதியிருந்தால் அவர்கள் எத்தனை வருஷம் போராடியிருந்தாலும் அந்தச் சபையில் ஜெயித்திருக்க முடியுமா?