தீராத சளி: தயிரை நிறுத்தும் முன் பார்க்கும் வேலையை யோசியுங்கள்

குண்டடம், தாராபுரம், பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ ஆள் போகும் குடும்பங்கள் நிறைய. அவருக்குச் சளி தீராமல் இருந்தால் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது தயிரும் வாழைப்பழமும்தான். மில்லில் எந்தப் பகுதியில் வேலை என்று யாரும் கேட்பதில்லை.

மூக்கிலிருந்து நுரையீரல் வரை காற்றுக் குழாய்களின் உட்சுவர் எந்நேரமும் கொஞ்சம் சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ளும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். வைரஸ் தொற்று, ஒவ்வாமை, ஆஸ்துமா, பீடி, விறகடுப்புப் புகை, தூசி என எது உறுத்தினாலும் சுரப்பு கூடும். வருடக்கணக்கில் உறுத்தினால் சுரக்கும் செல்களும் சுரப்பிகளும் பெருகி, சளி கட்டுவதே வழக்கமாகிவிடும். பால் சளியைக் கூட்டும் என்பதற்குச் சரியான சான்று இல்லை. எச்சிலோடு கலக்கும்போது தொண்டையில் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவுதான்.

மில்லில் தூசி மிக அதிகம் பஞ்சுப் பேலைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும், அடுத்த கார்டிங்கிலும். அந்தத் தூசியில் பஞ்சோடு இலைச் சருகு, மண், பாக்டீரியாக்களின் நச்சு எல்லாம் கலந்திருக்கும். இதனால் வரும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், இருமல் வரும். அடுத்தடுத்த நாள் குறையும். இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். வருடங்கள் போகப் போக அது வாரம் முழுக்க நீடிக்கும். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் குணமாகும். முற்றினால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் பாதிப்பு அதிகம். பனியன் கம்பெனிக்குப் பஞ்சு நூலாக, துணியாக வந்துவிடுவதால் அங்கே இந்த ஆபத்து குறைவு.

ஒளுவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்தும்போது மூக்கின் முன்பகுதியில் ஒட்டிய பஞ்சு கழுவப்படும். நெஞ்சுக்குள் இறங்கிய நுண்தூசியை அது எட்டாது. பெண்கள் முகத்தில் சுற்றிக்கொள்ளும் துப்பட்டாவும் பறக்கும் பஞ்சைத் தடுக்குமே தவிர நுண்தூசியைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 மாஸ்க் ஓரளவு உதவும். தூசியை உறிஞ்சும் இயந்திர வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

பைசினோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்று. இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது. ஆனால் டாக்டரிடம் வேலையைச் சொல்லாவிட்டால் இருமல் மருந்தோடு திரும்ப வேண்டியதுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். அங்கே போனாலும், இஎஸ்ஐ மருந்தகம் போனாலும், எந்தப் பகுதியில் எத்தனை வருட வேலை, வாரத்தில் எந்த நாள் அதிகம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.